அம்மாவின் பதிலாள்

விதைப்புப் பருவம், முதல் மாதம், நாள் 9
தீப்ஸ், மேற்குக் கரை

அண்ணன் மெரிசுவுக்குத் தங்கை வெப்கெத் எழுதுவது. ஆமுன் உன்னையும் அண்ணியையும் குழந்தையையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். காலையில் தெய்வ மாடத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்து எழுத வேண்டும். எழுத முடியவில்லை.

அம்மா மேற்கே போய்விட்டாள். முந்தாநாள் காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், "கொஞ்சம் உக்காந்துக்கறேன்டி, காலு நடுங்குது" என்றாள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. கையில் ஒட்டிய மாவு காயக்கூட இல்லை. என் வீட்டுக்காரர் கசாவும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து, உடம்பைப் பதப்படுத்துகிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். துணி சுற்றித் திரும்பி வர வழக்கம்போல் எழுபது நாள் ஆகும்.

உன்னிடம் இரண்டு கேட்கிறேன். முதலில், நீ வர வேண்டும். அப்பா பக்கத்தில் அவளை இறக்கும் முன் வாய் திறக்கும் சடங்கை மூத்த மகன்தான் செய்ய வேண்டும். அது நடக்காவிட்டால் அங்கே அவளால் ஒரு வாய் ரொட்டி தின்ன முடியாது, தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. அடுத்து, உன் கையால் சுட்ட பதிலாள் பொம்மைகளைக் கொண்டு வா. செத்தவர்களை ஆளும் ஒசிரிஸின் வயலில் அவர்களையும் வேலைக்குக் கூப்பிடுவார்கள், கால்வாய் வெட்டு, கிழக்குக் கரை மணலை மேற்கே சும என்று. அப்போது பதிலாள் எழுந்து "இதோ இருக்கேன்" என்று போனால்தான் செத்தவள் உட்கார்ந்திருக்கலாம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் பிழைப்பே அதுதான்.

அம்மா சுமந்த மணல் போதும் அண்ணா. உன் முதல் சூளையில் பொம்மை சுட மலையிடுக்கிலிருந்து வெள்ளை மணலைத் தலையில் சுமந்து கொண்டுவந்தவள் அவள்தான். அங்கேயும் போய் அவள் கூடையைத் தூக்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் கிளம்பு.
வெப்கெத்


விதைப்புப் பருவம், இரண்டாம் மாதம், நாள் 2
மெம்பிஸ்

அரண்மனை நீலமெருகுப் பட்டறைகளின் கண்காணிப்பாளரும் அரசரின் நம்பிக்கைக்கு உரியவருமான மெரிசு, தன் தங்கை வெப்கெத்துக்கு அனுப்பும் கடிதம். ப்தாஹ் தெய்வத்தின் அருளால் நான் நலம். உன் நலத்தையும் மைத்துனர் கசாவின் நலத்தையும் நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் கண்டு மனம் ஒடிந்துபோனேன். அன்று முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் உடனே கிளம்பும் நிலையில் நான் இல்லை. புது அரண்மனையின் தரைக்கும் வாசலுக்கும் மெருகுக் கற்கள் போய்க்கொண்டிருக்கின்றன. என் மாமனார்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. நடுவில் நான் எழுந்து போனால் அவருடைய முகத்தில் விழிக்க முடியாது.

ஒன்று செய். எழுபது நாள் முடிந்ததும் அம்மாவைக் கல்லறையின் மேல்கூடத்தில் வைத்திரு. பள்ளத்தாக்குத் திருவிழாவுக்கு எல்லோரும் கல்லறைகளுக்குப் போவீர்கள் அல்லவா? அதற்கு நான் கட்டாயம் வந்துவிடுகிறேன். வாய் திறப்பு என் கையால்தான். பதிலாள் பெட்டியை முன்னதாகவே அனுப்புகிறேன். அரசிக்குச் சுடுவதுபோல் சுடச் சொல்கிறேன், ஊரே வாய் பிளக்கும்.

அம்மா கடைசி நாட்களில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? இங்கே வந்து போனதைப் பற்றி? அது மட்டும் எழுது.

நலமுடன் இரு.
மெரிசு


விதைப்புப் பருவம், இரண்டாம் மாதம், நாள் 25
தீப்ஸ், மேற்குக் கரை

அண்ணனுக்கு வெப்கெத். ஆமுன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். உன் பட்டத்தை வாசித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. கசா பக்கத்தில் நின்று, "கடிதம் உனக்கா, அரசருக்கா?" என்று கேட்டார்.

சரி, திருவிழாவரைக்கும் காத்திருக்கிறோம். இதற்கு நான் சம்மதித்ததை ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. "பெத்தவள வாசல்லயே நிக்க வச்சுட்டு மகனுக்குக் காத்திருக்கப் போறாங்களாம்" என்று எதிர்வீட்டுத் தகானா தண்ணீர்த் தொட்டி அருகில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். நீ வந்து இறங்கும் அன்று அவளுக்குப் பதில் கிடைக்கும்.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறாய். எப்போதும் உன் பேச்சுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உன் வீட்டுக்கு வந்து திரும்பியதிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "என் மவன் வீட்டுல சுவரெல்லாம் நீலம்டி. என்னை ராணி மாதிரி வச்சிருந்தான். ஒரு துரும்ப எடுத்துப் போட விடல, எல்லாத்துக்கும் ஆள் நிக்குது" என்பாள். பேரனின் கன்னத்தில் குழி விழுவதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அறுவடை முழுவதும் உன்னோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள், வந்த வேகத்தில் திரும்பிவிட்டாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளமாக இருந்தது. எந்திரக்கல்லில் மாவு அரைத்தால் வரும் கொப்புளம் எனக்குத் தெரியாதா? கேட்டதற்கு, "படகுக் கயிறு உரசிடுச்சு, போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்றாள். அவளிடம் கயிற்றை யார் கொடுத்தார்கள் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டாள்.

நீ ஏன் இதைக் கேட்டாய் என்றும் எனக்குப் புரியவில்லை. உன் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாதா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவளை நான் பார்த்ததே இல்லை, இந்தத் திருவிழாவுக்காவது கூட்டி வா.
வெப்கெத்


விதைப்புப் பருவம், மூன்றாம் மாதம், நாள் 28
மெம்பிஸ்

தங்கைக்கு மெரிசு. நலம். நலம்தானே?

பெட்டி தயார். படகோட்டி பாசெர் கொண்டு வருகிறான். என் முத்திரை போட்டிருக்கிறேன். அதை உடைக்காமல் அப்படியே கல்லறைக்குள் இறக்கிவிடு. திறந்தால் காற்றுப்பட்டு மெருகு மங்கிவிடும்.

திருவிழாவுக்கு வர முயல்கிறேன். வேலை கழுத்தை நெரிக்கிறது.
மெரிசு


விதைப்புப் பருவம், நான்காம் மாதம், நாள் 20
தீப்ஸ், மேற்குக் கரை

அண்ணனுக்கு வெப்கெத். நலம் விசாரிக்க வேண்டிய இடம் இது. விசாரித்ததாக வைத்துக்கொள்.

சூளையில் வெந்தது காற்றில் மங்குமா? யாரிடம் சொல்கிறாய்? உன்னோடு மணல் சலித்து வளர்ந்தவள் நான். முத்திரையை உடைத்தேன்.

உடைத்தது தனியாக இல்லை. பாசெரும் அவன் ஆட்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்ததும் ஊரே பின்னால் வந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் தகானாகூட வாயில் கை வைத்தாள். அப்படி ஒரு நீலம். ஒவ்வொன்றின் கையிலும் மண்வெட்டி, முதுகில் விதைப்பை, மூக்கும் கண்ணும் அவ்வளவு சுத்தம். "குடுத்து வச்சவ ஹுனேரோ. அங்க போயி ஒரு கூடை மண்ணு தூக்க மாட்டா" என்று தகானா அம்மாவைப் பெயர் சொல்லி வாழ்த்தியபோது நான் அழுதுவிட்டேன். உன்னைத் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

"மேல என்ன எழுதியிருக்கு, படி" என்றார்கள். அப்பா உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றவள்தானே. ஒன்றை எடுத்தேன். "ஒசிரிஸிடம் சேர்ந்த செவிலி ஹுனேரோ" என்று இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். செவிலி. இன்னொன்று. எல்லாமே செவிலி.

அத்தனை பேருக்கு முன்னால் என் வாயில் வந்தது, "இல்லத் தலைவி ஹுனேரோ" என்றுதான். பொய் வாசித்தேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அம்மா யாருக்குச் செவிலி? எந்தப் பிரபுவின் குழந்தைக்குப் பால் கொடுத்தாள்? பெயரும் பட்டமும் பார்த்துத்தான் பதிலாள் எழுந்திருக்கும். அங்கே "இல்லத் தலைவி ஹுனேரோ" என்று கூப்பிடும்போது, இவையெல்லாம் எங்களை இல்லை என்று மல்லாந்து படுத்திருக்கும். அம்மா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையை எடுப்பாள். எழுத்தை மெருகுக்குள் வைத்து வேகவைத்துவிட்டால் ஒசிரிஸே வந்தாலும் அழிக்க முடியாது என்று சின்ன வயதில் என்னிடம் பெருமையடித்தவன் நீ. நீ பார்க்காமலா இது சூளைக்குப் போனது?

பதில் எழுது. பட்டமெல்லாம் வேண்டாம், பதில் மட்டும்.
வெப்கெத்


அறுவடைப் பருவம், முதல் மாதம், நாள் 8
மெம்பிஸ்

தங்கைக்கு மெரிசு. ப்தாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும்.

எழுதுகிறவன் புதுப் பையன். கவனக்குறைவு. கண்டித்துவிட்டேன். திருவிழாவுக்குள் வேறு சுட நேரமில்லை. கரி மையைத் தொட்டு அந்த ஒரு சொல்லின் மேல் இழுத்துவிடு. பெட்டிக்குள் இருட்டில் யார் குனிந்து வாசிக்கப் போகிறார்கள்? செவிலி என்பது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லையே. வளர்த்தவள் என்றுதானே பொருள்? அம்மா நம்மை வளர்க்கவில்லையா?

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒரு கல் தடுக்கினால் மலையே விழுந்ததுபோல் கத்துவாய். முத்திரையை உடைக்காதே என்று சொன்னேன். கேட்டாயா?

திருவிழாவுக்கு வர முடியாது. வாய் திறப்பைக் கசா செய்யட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மெரிசு


அறுவடைப் பருவம், முதல் மாதம், நாள் 10
மெம்பிஸ்

என் கணவரின் தங்கை வெப்கெத்துக்கு, உங்கள் அண்ணி ஹெனூத் ஆள் வைத்து எழுதச் சொன்னது. சக்மெத் தாய் உங்களை எல்லா நோயிலிருந்தும் காக்கட்டும். நாங்கள் நலம். குழந்தை ஓடியாடிப் பேசத் தொடங்கிவிட்டான்.

இத்தனை வருஷத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. தப்பு என்னுடையது, கோபப்படாதீர்கள். உங்கள் வீட்டுப் பழைய செவிலி ஹுனேரோ மேற்கே போய்விட்டதாக அவர் சொன்னார். பட்டறையிலிருந்து ஒரு பெட்டி நிறைய பதிலாள் செய்து அனுப்பியதைப் பார்த்து என் அப்பாவே அசந்துபோனார். "ஒரு வேலைக்காரிக்கு இவ்வளவா? உன் புருஷனுக்குத் தங்கமான மனசு" என்றார். உங்கள் அம்மா நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்தக் கிழவிதான் உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா மாதிரி இருந்திருப்பாள், இல்லையா?

எனக்கு அவளை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று அப்பாவும் அரண்மனை எழுத்தர்களும் விருந்துக்கு வந்திருந்தார்கள். தலையில் மூட்டையோடு, காலெல்லாம் புழுதியாக, நேராகக் கூடத்துக்குள் வந்துவிட்டாள். "யாரு இந்தக் கெழவி?" என்று அப்பா கேட்டார். இவர், "என்ன வளத்த செவிலி" என்றார். அவள் ஒரு கணம் இவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஆமாங்க, நான்தான் வளத்தேன். சின்னதுல சரியாவே சாப்பிட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு தானாகவே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நல்ல உழைப்பாளி. இருந்த நாளெல்லாம் எந்திரக்கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் அரைக்கிற மாவு அவ்வளவு மெல்லியதாக வராது. இங்கேயே இருந்துவிடேன், சோறும் துணியும் தருகிறேன் என்றுகூடக் கேட்டேன். "ஊர்ல என் மவ தனியா இருக்கா அம்மா" என்றாள். போகும்போது குழந்தையின் கையில் ஒரு நீலமணியைக் கட்டிவிட்டு, வெகுநேரம் அந்தக் கையை விடவே இல்லை. மணி இன்னும் இருக்கிறது, நான் கழற்றவில்லை.

அவள் மேல் போர்த்த உதவட்டும் என்று கொஞ்சம் மெல்லிய துணி அனுப்பியிருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை, அவள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். பாவம், அவ்வளவு பாசம்.

உங்களை ஒருநாள் பார்க்க ஆசை.
ஹெனூத்


அறுவடைப் பருவம், முதல் மாதம், நாள் 27
தீப்ஸ், மேற்குக் கரை

மெரிசுவுக்கு.

நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

உன் மனைவி எனக்கு ஒரு கடிதமும் துணியும் அனுப்பியிருக்கிறாள். நல்லவள், அவளிடம் சத்தம் போடாதே. அவளுக்குத் தெரிந்ததை எழுதினாள், நீ அவளுக்குத் தெரியவைத்ததை எழுதினாள். கடிதத்தைக் கசா கையில் கொடுத்துவிட்டு நான் கல்லறை மேல்கூடத்துக்குப் போய், அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ராணி மாதிரி வச்சிருந்தான்னு சொன்னியேம்மா" என்றேன்.

புதுப் பையனின் கவனக்குறைவா? பெற்றவளை எச்சில் தட்டு எடுக்கிறவளாக்கினாய். செத்த பிறகு அதையே மெருகு போட்டுச் சுட்டு அனுப்பினாய். பட்டறையில் உன் மாமனார் பார்ப்பாரே, என்ன செய்வது! உயிரோடு இருந்தபோது ஒருமுறை அடுப்படிக்கு அனுப்பினாய், இப்போது காலம் முழுவதற்கும் அனுப்பப் பார்த்தாய். உனக்கு எப்படிடா சோறு இறங்குகிறது?

கேட்டுக்கொள். உன் செவிலிப் பெட்டி என் அம்மாவோடு போகாது. கசா வேலை முடிந்து வந்து மரத்தில் பதிலாள் செதுக்குகிறார். தகானாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் போய்ச் சேறு குழைத்துக்கொண்டு வந்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து பொம்மை பிடித்தோம். மூக்கு கோணல், கால் குட்டை. ஆனால் எல்லாவற்றிலும் "இல்லத் தலைவி ஹுனேரோ" என்று எழுதியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று செய்தேன். நிலவறையில் உன் பழைய அச்சு கிடந்தது, நீ அப்பாவுக்குப் பதிலாள் செய்தது. மலையிடுக்குக்குப் போய் வெள்ளை மணலை நானே சுமந்து வந்தேன். சாம்பல் சேர்த்தேன். கசாவின் உளியைத் தீட்டும்போது உதிரும் செம்புத் தூளை நீலத்துக்குச் சேர்த்தேன். அச்சில் அழுத்தி எடுத்து, கையில் இரண்டு மண்வெட்டியும் முதுகில் மணல் கூடையும் வரைந்தேன். பிறகு பெயர் எழுதினேன், "ஹுனேரோ பெற்ற மெரிசு, மெம்பிஸ் நீலமெருகுப் பட்டறைகளின் கண்காணிப்பாளர், அரசரின் நம்பிக்கைக்கு உரியவர்." உன் பட்டத்தில் ஒரு சொல் விடவில்லை. ஆள் மாறிப் போய்விடக் கூடாது பார்.

குயவர் சூளையில் வைத்துச் சுட்டாயிற்று. நீலமும் இல்லை பச்சையும் இல்லை, ஏதோ ஒரு நிறம். ஆனால் எழுத்து நன்றாக வெந்திருக்கிறது.

அதை அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைப்பேன். இங்கே நான் கூப்பிட்டேன், நீ வரவில்லை. அங்கே கூப்பிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும். செவிலி என்றாயே, இனி அவள் உட்கார்ந்திருப்பாள், நீ மணல் சுமப்பாய்.
வெப்கெத்


அறுவடைப் பருவம், இரண்டாம் மாதம், நாள் 12
மெம்பிஸ்

அன்புத் தங்கை வெப்கெத்துக்கு உன் அண்ணன் மெரிசு. நீ நலமாக இருக்க வேண்டும், உன் பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டும், ஊரில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். என்னைக் கொன்றுவிடாதே.

உயிரோடு இருக்கிறவனின் பெயரைக் கல்லறைக்குள் வைப்பார்களா? நாளைக்கு நான் செத்து என் இடத்துக்குப் போகும்போது, "நீ ஏற்கனவே அங்கே கூலியாக இருக்கிறாயே" என்று என்னை வாசலிலேயே மடக்குவார்கள். அப்புறம் எனக்கு வீடு ஏது, வயல் ஏது? உன் கடிதம் வந்த நாளிலிருந்து வலது தோள் வலிக்கிறது. மருத்துவன் எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறான். எனக்குத் தெரியும் அது என்ன என்று.

அன்று நான் வேண்டுமென்று சொல்லவில்லை. கல்யாணம் பேசும்போது, ஏதோ ஒரு பெருமைக்கு, அப்பா அரசு எழுத்தர், அம்மா அப்போதே போய்விட்டாள் என்று சொல்லியிருந்தேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கூடத்தில் அம்மா நிற்கிறாள். மாமனார் கேட்கிறார். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அவள் "அடப்பாவி, நான் உன்னைப் பெத்தவடா" என்று கத்தியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவள் "ஆமாங்க" என்றாள். அதற்குப் பிறகு எப்படித் திருப்புவது? ராத்திரி அடுப்படிக்குப் போனேன். "நீ போயித் தூங்குய்யா, காலைல வேல இருக்குல்ல" என்றாள். நான் போய்விட்டேன்.

நீ ஊரிலேயே இருந்தாய், உனக்கு நல்லவளாக இருப்பது சுலபம். மீசை அரும்பும் வயதிலேயே என்னைப் படகில் ஏற்றி அனுப்பியபோது யாராவது என்னைக் கேட்டார்களா? இங்கே என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். தெற்கத்தி மணல்சுமக்கி என்று கூப்பிட்டார்கள். அதையெல்லாம் மிதித்துத்தான் மேலே வந்தேன். அம்மாவே என்னை மன்னித்துவிட்டாள், ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லவில்லை பார். பெற்றவளுக்கே இல்லாத கோபம் உனக்கு எதற்கு?

அந்தப் பொம்மையை உடைத்துவிடு. இல்லை, உடைக்காதே, உடைத்தால் எனக்கு என்ன ஆகுமோ. வெளியே எடுத்து வைத்துவிடு. அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன். ஹெனூத்துக்கு எதுவும் எழுதிவிடாதே.

உன் காலில் விழுகிறேன்.
மெரிசு


அறுவடைப் பருவம், மூன்றாம் மாதம், நாள் 4
தீப்ஸ், மேற்குக் கரை

அண்ணன் மெரிசுவுக்குத் தங்கை வெப்கெத் எழுதுவது. ஆமுன் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். இந்த முறை மனதார எழுதுகிறேன், காரணம் கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் திருவிழாவுக்கு முந்தின நாள் கிடைத்தது. மறுநாள் ஆமுனின் படகு ஆற்றைக் கடந்து வந்தது. கல்லறை வாசலெல்லாம் பூவும் பீர்ச் சாடியும் வறுத்த வாத்துமாக ஊர் நிறைந்திருந்தது. அம்மாவைப் பெட்டியோடு நிமிர்த்தி நிறுத்தினோம். பூசாரி சுற்றிலும் பார்த்துவிட்டு, "மகன் இல்லையா?" என்றான்.

"இருந்தான்" என்றேன்.

"அப்ப மருமகன் வரட்டும். பொம்பள செய்யறது வழக்கமில்ல."

"வழக்கப்படி வர வேண்டியவன் வரலியே, அத யாரு கேட்டீங்க? குடுங்க இப்படி" என்று வாய் திறக்கும் கருவியை அவன் கையிலிருந்து வாங்கினேன். கசா தடுக்கவில்லை. அம்மாவின் வாயை நான்தான் திறந்தேன். அவள் இனி சாப்பிடுவாள், பேசுவாள். முதலில் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

கீழே இறக்கி அப்பா பக்கத்தில் வைத்தோம். மரப் பதிலாள்களையும் சேற்றுப் பதிலாள்களையும் கால்மாட்டில் அடுக்கினேன். உன் பொம்மையைச் சொன்னபடி அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்லவில்லை, அவ்வளவு மாதத்தில் அன்றுதான் நெஞ்சு ஆறியது. கசா மேலே ஏறிவிட்டார். "ஏறி வா, கல்லப் போட்டு மூடணும்" என்று குரல் கொடுத்தார். விளக்கை எடுக்கக் குனிந்தேன்.

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அங்கே மேஸ்திரி வந்து நிற்பான். "ஹுனேரோ பெற்ற மெரிசு! எழுந்து வா, மணல் சுமக்கணும்" என்பான். நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுவாய். அதற்குள் இவள் எழுந்திருப்பாள். "அவன விடுங்கய்யா, தூங்கட்டும், காலைல வேல இருக்கு. நான் வரேன்" என்பாள். உன் முதுகிலிருந்து கூடையைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொள்வாள். யாராவது இவன் யார் என்று கேட்டால், "நான் வளத்த பிள்ளைங்க" என்பாள். பெட்டி நிறைய பதிலாள் இருக்க, உனக்குப் பதிலாளாக என் அம்மா போவாள்.

நான் உன்னைத் தண்டிக்க வைத்த பொம்மை அவள் தலையில் மணலாக ஏறுவதைப் பார்த்துவிட்டேன். குழிக்குள்ளேயே நின்று கத்தினேன். உன்னைத் திட்டினேன், அவளையும் திட்டினேன். "ஏம்மா இப்படி இருந்த? ஒரு தடவ அவன் கன்னத்துல அறைஞ்சிருக்கக் கூடாதா?" என்றேன். மேலே இருந்தவர்கள் ஒப்பாரி என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா உன்னை மன்னித்தாள் என்று எழுதினாயே, அவள் மன்னிக்கவில்லை, என்னிடமிருந்து உன்னை மறைத்தாள். கொப்புளத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அது உனக்கு மன்னிப்பாகத் தெரிகிறது என்றால் உனக்கு எல்லாமே வசதியாகத்தான் தெரியும்.

பொம்மையை வெளியே எடுத்துவிட்டேன். நீ கேட்டதற்காக இல்லை. கல்லறையை மூடி முத்திரையும் வைத்தாயிற்று.

உன் செவிலிப் பெட்டியைப் பாசெரின் படகில் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அண்ணியின் பெயருக்கு. அவளுக்கு நான் எதுவும் எழுதவில்லை. ஏன் திரும்பி வந்தது என்று உன்னைத்தான் கேட்பாள். குழந்தை பக்கத்தில் நிற்கும். அவன் கையில் அந்த நீலமணி இருக்கும். அதைக் கட்டியது யார் என்று நீயே சொல். இந்த முறை உன் நாக்கு தானாக என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பொம்மை எங்கே என்று கேட்பாய். பத்திரமாக இருக்கிறது. எனக்காகக் கசா செய்து வைத்திருக்கும் பெட்டிக்குள், என் பதிலாள்களோடு, எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. நான் போகும்போது அதுவும் வரும். உனக்கு நீண்ட ஆயுள் கேட்டது அதற்காகத்தான், நான் முதலில் போய் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும்.

நான் அம்மா இல்லை அண்ணா. நான் கூப்பிடுவேன்.

தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே மணல் நிறைய இருக்கிறது.
வெப்கெத்